மூன்றாம் ஓலை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மகன் துபாயில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பவன். படித்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வந்துவிடுவான். நாய்களின் பெயர்களைத் தாராளமாக எழுதலாம். அவை கோவித்துக்கொள்ளாது. அவற்றின் வம்சத்தில் வந்த ஒன்று இப்போது என் ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. நான் என்ன எழுதுகிறேன் என்று அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்று மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கையால்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பையில் மைப் பேனா. முழங்காலுக்குக் கீழே பேன்ட் முழுக்க நாய் முடி. அக்குளில் காலிகோ அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று.

"ஏம்மா, இதுல கடைசி நாப்பது பக்கம் நகல் எடுக்கணும். ஆனா புத்தகத்தை நான்தான் பிடிச்சுக்குவேன். நீங்க தொடக்கூடாது."

அவர் பிடித்துக்கொள்ள, நான் பொத்தானை மட்டும் அமுக்கினேன். வரிசை எண், பிறந்த நாள், பெயர், தகப்பன், தாய், தாத்தா பாட்டிகள், கடைசியில் சாட்சி என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. சாட்சி என்ற கட்டத்தில் கண்ணுக்கு எட்டியவரை ஒரே கையெழுத்து.

"ரொம்பப் பெரிய குடும்பம் போல, சார்."

"குடும்பம் இல்லம்மா. நாய்" என்றார்.

ஆவூர்ப் பக்கம் பழைய வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடு, அவருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷம் கோயில் பதிவேடுகளையும் அவர்தான் எழுதினார். ஊரில் யார் பிறந்தாலும், யார் கல்யாணம் செய்தாலும், யார் செத்தாலும் அவர் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று தலைமுறையாக வளர்ந்துவரும் கன்னி நாய்களுக்காகத் தாத்தா தொடங்கிவைத்த புத்தகத்தை ஞானஸ்நானப் பதிவேட்டின் மாதிரிக்கே மாற்றிவிட்டார். கன்னி என்பது நம் தெற்கத்தி வேட்டை நாய். ஒட்டிய வயிறு, ஊசி மூக்கு, கறுத்த உடம்பு, கன்னத்திலும் காலிலும் செம்மண் பூசினாற்போல ஒரு நிறம். இன்றைக்குச் சுத்தமான கன்னியைப் பார்ப்பதே அபூர்வம் என்பார்கள். அவரைக் கேட்டால், அவர் கொட்டகைக்கு வெளியே இருக்கும் எதுவும் கன்னியே இல்லை.

தாத்தா காலத்தில் அரண்மனை வேட்டைக்காரர் ஒருவர் ஒரு ஜோடி நாயைக் கொடுத்தாராம். முதல் தடவை அப்படித்தான் சொன்னார். அடுத்த வருஷம் சொன்னபோது கொடுத்தவர் வேட்டைக்காரர் இல்லை, திவான். அதற்கடுத்த வருஷம் ராஜாவே யானைமேல் இருந்து இறங்கிக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருந்தால் ராஜா நாயைக் குளிப்பாட்டித் துவட்டியும் கொடுத்திருப்பார். அப்பா காலத்தில் நாய்க் கண்காட்சிக்குப் போய் ஒரு கோப்பை வாங்கிவந்தார்கள். அந்தக் கோப்பையில், நான் பார்த்தபோது, அவர் வீட்டம்மா புளி போட்டு வைத்திருந்தார்.

எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "புத்தகத்துல இருக்கா?" மழை பெய்தது என்றால்கூட அப்படிக் கேட்பாரோ என்று எனக்குப் பயம். அவருடைய பேரனை முதன்முதலாகக் கொண்டுவந்து காட்டினபோது, பிள்ளையின் மூக்கைப் பிடித்துப் பார்த்து, "தாய்வழி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். மருமகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவரிடம் குட்டி கேட்டுப் போவது போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதைவிட மோசம். குவைத்திலிருந்து வந்த ஒருவர் ஏ.சி. ரூம் கட்டித்தருகிறேன் என்றார். அவரையும் திண்டாடவிட்டு அனுப்பினார். கேள்வி ஒன்றுதான் கேட்பார்.

"இதுக்கு முன்னாடி ஒங்க வீட்டு நாய் எப்படிச் செத்துச்சு?"

நானும் ஒரு தடவை கேட்டுப் போனேன். அவருக்காக எத்தனை பக்கம் அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்ற தைரியம். உண்மையைச் சொன்னேன். "கேட்டைத் திறந்து போட்டுட்டேன் சார். லாரி அடிச்சிருச்சு."

"உண்மையைச் சொன்னீங்க. சந்தோசம்" என்றார். "போய்ட்டு வாங்க" என்றார். காப்பி கொடுத்தார்கள், குட்டி கொடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரை நான் திட்டிய திட்டு இங்கே அச்சில் ஏறாது.

ஆனாலும் அவர்மேல் எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. அதற்குக் காரணம் அந்த ஓலை.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்களுடைய கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்கு ஏதாவது விக்கினம், அதாவது தடை, இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று. நம் ஆள் அதை நாய்களுக்கும் வாசித்தார். அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இந்த யோசனை வரவில்லை. அவர்கள் நாய் வளர்த்தவர்கள். இவர் பதிவேடு எழுதியவர். பெட்டை பருவத்துக்கு வந்தால், வருகிற ஞாயிறு பூசை முடிந்த கையோடு கொட்டகைக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலாம் ஓலை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. கேட்க இருப்பவர்கள் வெங்காயம் உரிக்கும் அவர் வீட்டம்மாவும், நாய்க்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் அருளாயியும்தான். மாப்பிள்ளை நாய் அந்த நேரம் பெரும்பாலும் வாலை மோந்துகொண்டிருக்கும்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர், வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரிக்க வந்தவர், இதைக் கேள்விப்பட்டு அதிர்ந்துபோனார்.

"விவாகங்கிறது தேவதிரவிய அனுமானம், புனிதச் சடங்கு. இது அதைக் கேலி பண்றது ஆகாதா?"

"தேவதிரவிய அனுமானத்தை நான் தொடவே இல்ல சாமி. அதோட நமூனாவை, எழுதுற மாதிரியை மட்டுந்தான் எடுத்துக்கிட்டேன்" என்றார். சாமியார் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இந்த ஓலையால் ஒரு சங்கடம் உண்டு. அதை மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் என் கடையிலேயே வைத்து அவரிடம் சொன்னார். "சார், பெட்டை பருவத்துக்கு வந்தா, பத்தாம் நாளுக்கு மேல ஒரு வாரந்தான் சேரும். நீங்க மூணு ஞாயிறு காத்திருந்து விடுறீங்க. பஸ்ஸு போன பிறகு ஸ்டாண்டுல நிக்கிறீங்க. அதுவும் எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே சேக்குறீங்க. அப்புறம் எப்படிக் குட்டி தங்கும்?" அவர் கொட்டகையில் ஒன்று, இரண்டு, பல தடவை ஒன்றுமே இல்லை என்று வம்சம் தேய்ந்துகொண்டிருந்தது. அவர் டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓலை இல்லாமல் பிறந்தவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

டாக்டரின் வாயை அடைத்தது மரகதம். மூன்று ஓலையும் முறையாக வாசித்து, சேனாதி என்ற கடுவனோடு சேர்த்துவிட்ட மரகதம் ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டது. ஏழும் கல்லுக்குண்டு. இரண்டு நாள் முந்திப் பிறந்ததை "குறைமாதம்" என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார். குறைமாதத்துக் குட்டிகள் தாயைப் புரட்டிப் போட்டுப் பால் குடித்தன. அதில் ஒன்றுக்குத் திவான் என்று பேர் வைத்தார். தாயின் நிறம், தாயின் முகம், ஆனால் நெஞ்சு மட்டும் அகலமாக, அந்தக் கொட்டகையில் எதற்கும் இல்லாத நெஞ்சு. ஒரு காது நுனியில் மடிந்திருக்கும். "பாட்டன் சாயல்" என்றார். பாட்டனை யார் பார்த்தது?

திவானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அது கூழைத் தொடாது. வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊரில் கறி எடுக்கமாட்டார்கள், சுத்தபோசனம். அதனால் கட்டுமாவடியிலிருந்து ஒரு மீன் வண்டி அன்றைக்குத் தவறாமல் வரும். வண்டி ஊர் முக்குத் திரும்புவதற்குள் திவான் வாசலில் போய் நிற்கும்.

"பாத்தீங்களா? நாய்கூட சுத்தபோசனம் அனுசரிக்குது. ரத்தம் அப்படி" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். அருளாயி மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

திவான் திருச்சிக் கண்காட்சிக்குப் போய்க் கோப்பையோடு வந்தது. நடுவர் நாயின் வாயைத் திறந்து பார்த்து, உயரம் அளந்து, ஓடவிட்டுப் பார்த்து, இந்த நெஞ்சுக்கூட்டை நான் இந்த இனத்தில் பார்த்ததே இல்லை என்றாராம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம். ஆனால் பிறகு தபாலில் வந்த பதிவுச் சான்றிதழ்தான் நம் ஆளைச் சாய்த்துவிட்டது. கண்காட்சிக்காரர்கள் அவருடைய புத்தகத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. சான்றிதழில் தகப்பன்: தெரியாது. தாய்: தெரியாது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மேஜைமேல் விரித்துப் போட்டார். இத்தனை நாளும் நான் சிரித்துக்கொண்டிருந்த மனிதர்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அநாதைன்னு எழுதிட்டானுங்கம்மா. எங்க தாத்தா, எங்க அப்பா, நான். மூணு பேரு எழுதுன புத்தகம். மூணு பேரையும் பொய்யன்னு சொல்லிட்டானுங்க."

பதினான்கு பக்கத்துக்கு முறையீடு அடித்தோம். வம்ச வரைபடம் தனியாக. ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. மூன்று தலைமுறை நாய்களின் எச்சிலை எடுத்து அனுப்பினால் மரபணுச் சோதனை செய்யப்படும், புத்தகத்தில் உள்ளபடியே பொருந்தினால் புத்தகம் முழுவதும் ஏற்கப்படும். அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். "நான் போறதுக்குள்ள எங்க தாத்தா புத்தகத்துக்கு ஒரு முத்திரை விழுந்தாப் போதும்மா. வேற ஆசை இல்ல."

விண்ணப்பங்களை அடித்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். திங்கள்கிழமை எச்சிலோடு தபாலில் சேர்க்கவேண்டும். அன்றைக்குத்தான் திவானுக்கும் முத்தரசி என்ற பெட்டைக்கும் மூன்றாம் ஓலை. பூசை முடிந்து அவர் வர நேரமானது. கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் அருளாயி, இது என்ன காயிதம் என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாயின் எச்சிலை மிஷினில் வைத்தால் தகப்பன் யாரென்று சொல்லிவிடும் என்று விளக்கிவிட்டேன். அகப்பையைப் போட்டது போட்டபடி அருளாயி அப்படியே நின்றார்.

அவர் வந்தார். கண்ணாடியை மாட்டினார். "மூன்றாம் ஓலை. சேனாதிக்கும் மரகதத்துக்கும் பிறந்த திவானுக்கும், இவ்விடத்துப் பெட்டை முத்தரசிக்கும்... யாதொரு விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." வழக்கம்போலப் புத்தகத்தை மூடப்போனார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அருளாயி.

இத்தனை வருஷ ஓலையில் ஒருவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்ன தெரியும்?"

"திவானுக்குச் சேனாதி தகப்பன் இல்லைங்க."

அவர் வீட்டம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"மரகதத்துக்கு ரெண்டாம் ஓலை வாசிச்சீங்கள்ல, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைங்க. நீங்க சேனாதியக் கூட்டிக்கிட்டு ஊசி போடப் போய்ட்டீங்க. மீன் வண்டி வந்துச்சு. நான் சங்கரா வாங்கச் சட்டிய எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போனேன். கதவ ஒருக்களிச்சு வச்சிட்டேன். வண்டியில ஐஸ் பெட்டி மேல ஒரு செவல நாய் ஒக்காந்து வருமே, காது மடிஞ்சது. திரும்பி வாரேன், ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. தண்ணிய ஊத்துனேன். வெளக்கமாத்தால அடிச்சேன். அது ஆகுற கதையா?"

நான் திவானைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் என் கண்முன்னால் வந்து நின்றது. அதன் மடிந்த காதைப் பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலையில கேட்டேனே அருளாயி! விக்கினம் உண்டான்னு கேட்டேனே! ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டது சேனாதிக்கும் மரகதத்துக்கும். அதுங்களுக்கு ஒரு விக்கினமும் இல்லைங்களே. மீன் வண்டி நாய்க்கு நீங்க ஓலையே வாசிக்கலையே."

வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கையிலிருந்த விண்ணப்பங்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் அருளாயி சிரிக்கவில்லை.

"பயந்துதான் சொல்லல. வேலைய விட்டு அனுப்பிருவீங்கன்னு. இப்ப ஏன் சொல்றேன்னா, எவனோ ஒரு ஊரான் லெட்டர் போட்டு ஒங்களுக்குச் சொல்றதுக்கு நானே சொல்லிருறேன். அவன் சொன்னா ஒங்களுக்குத் தாங்காது." குனிந்து அகப்பையை எடுத்துக்கொண்டார். "முப்பது வருசமா இங்க விழுந்த குட்டியெல்லாம் என் மடியிலதான் விழுந்துச்சு. சாட்சின்னு போட்டு ஒங்க பேர எழுதிக்கிறீங்க. ஒரு தடவையாச்சும் என்ட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். விண்ணப்பங்களை நான் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். மனசு கேட்கவில்லை. என் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றியது. திங்கள், செவ்வாய், புதன், போன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சலவை மடிப்புச் சட்டை. அக்குளில் புத்தகம். பக்கத்தில் திவான். இரண்டு பேரும் ஊர் முக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, அன்னைக்கு ராவெல்லாம் யோசிச்சேன்" என்றார் என்னைக் கண்டதும். "ரத்த உறவுதான் பெரிய விக்கினம். எங்க புத்தகத்துல நூறு கல்யாணத்துக்குமேல பாத்துட்டேன், எல்லாம் அத்தை மகன், மாமன் மகள், கூடப்பிறந்தது. திவானுக்கும் முத்தரசிக்குந்தான் பாதிக்குப் பாதி ஒட்டு உறவு இல்ல. இந்தப் புத்தகத்துலயே விக்கினம் கொறஞ்ச கல்யாணம் இதுதாம்மா. திங்கக்கிழமையே சேத்து விட்டுட்டேன்." டாக்டர் பத்து வருஷமாகச் சொன்னதை ஓலை வழியாகச் சுற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்திருந்தார்.

மீன் வண்டி வந்தது. ஐஸ் பெட்டி மேலிருந்து அந்தச் செவலை நாய் குதித்தது. நெஞ்சு அகலம், காது மடிந்திருந்தது. திவான் போய் அதன் முகத்தை நக்கியது. அவர் புத்தகத்தை வண்டியின் பலகைமேல் வைத்துத் திறந்தார். திவானின் வரியில் தகப்பன் கட்டத்திலிருந்த சேனாதியை ஒரே கோடாக அடித்திருந்தார். மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த நாய்க்குப் பேரு என்ன?"

"பேரா?" வண்டிக்காரர் தராசைத் தூக்கியபடி விழித்தார். "ஏய்னு கூப்புடுவோம். வரும்."

அவர் எழுதினார். தகப்பன்: ஏய். ஊர்: கட்டுமாவடி. "தெரியாதுன்னு போட மனசு வரலம்மா. அவனுகளுக்குத்தான் தெரியாது. நமக்குத்தான் தெரிஞ்சுபோச்சே." விண்ணப்பம் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அந்த முத்திரை கடைசிவரை விழவே இல்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கெல்லாம் முன்னால், அந்தத் தடவை முத்தரசி போட்ட எட்டில் ஒன்றை நான் கேட்காமலே என் கடைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "கேட்டை மூடி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தகப்பனை எழுதியதும் பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது. சாட்சி. அங்கே இருந்த தன் கையெழுத்தையும் ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு, மீன் சட்டியோடு நின்ற அருளாயியைப் பார்த்தார்.

"ஒன் முழுப் பேரு என்னம்மா?"

கோயிலில் ஊரையே எழுதிய மனிதர். ஞானஸ்நானமும் கல்யாணமும் வெளியூரிலேயே முடிந்து வந்தவர் என்பதால் அருளாயி அந்தப் பதிவேட்டிலும் இல்லை. முப்பது வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். அருளாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்வதுபோலச் சொன்னார். "அருள் செல்வ மேரி."

எழுதி முடித்துப் புத்தகத்தை அருளாயி பக்கமாகத் திருப்பினார். அருளாயிக்குப் படிக்கத் தெரியாது. "எதுங்க என் பேரு?" என்றார். அவர் விரல் வைத்துக் காட்டினார். அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அருளாயி. வண்டிக்காரர் அவசரப்பட்டு ஹாரன் அடிக்கவும் அவர் புத்தகத்தை மூடப்போனார்.

"மூடாதீங்கய்யா. மை காயட்டும்" என்றார் அருளாயி.